ரஞ்சனி பக்கத்து மரங்கள்

விமலாதேவிக்கு மரியரஞ்சனி மேல் பொறாமை பிடித்தது 2005 மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், பொறாமைப்பட்டவளே அதை மறக்கவில்லை என்பதுதான். மேலாளர் ஓட்வார் புதிதாக வேலைக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவரும் இலங்கைத் தமிழர்தான், மிகவும் ஃபிளிங்க்" என்றார். ஃபிளிங்க் என்றால் நோர்வேக்காரர் வாயில் கெட்டிக்காரி என்று அர்த்தம். ஓட்வார் லேசில் வாய் திறந்து சொல்கிற சொல் அல்ல அது. விமலாதேவி ஆறு வருடம் அவரிடம் வேலை செய்து ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருந்தாள். அதுவும் காப்பி இயந்திரத்தைத் திருத்தியதற்கு.

அவள் நோர்வேக்கு வந்தது 1987இல். வடக்கே போய் ஆலையில் மீன் வெட்டினாள். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குரோருட்டில் பள்ளிக்கூடத் தரை துடைத்தாள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, முப்பத்துநான்கு வயதில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மண்ணும் நீரும் பற்றிப் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மரியரஞ்சனியோ மன்னாரில் பிறந்து, பேராதனையில் விவசாயம் படித்து, பட்டத்தோடு கல்யாணமாகி 2001இல் விமானத்தில் வந்து இறங்கியவள். வயது முப்பத்தொன்று. மீனும் வெட்டவில்லை, தரையும் துடைக்கவில்லை. நாலே வருடத்தில் பக்கத்து மேசை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர்கள் செய்த வேலையை வெளியே சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, இவர்கள் கணினித் திரையில் தெற்கு ஸ்பெயினில் வெயிலில் காய்கிற ஒலிவ் தோட்டமொன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்கள். மண்ணுக்குள் ஒரு முழம் ஆழத்தில் ஈரம் பார்க்கிற கருவிகள் புதைத்திருந்தன. மரத்தின் அடியைச் சுற்றி ஒரு பட்டி. மரம் பகலில் தாகத்தில் மயிரளவு சுருங்கினாலும் அந்தப் பட்டி கண்டுபிடித்துக் கைத்தொலைபேசி வழியாக ஒஸ்லோவுக்குச் செய்தி அனுப்பிவிடும். அதைப் பார்த்து எந்தக் குழாயை எத்தனை மணிநேரம் திறப்பது என்று இங்கிருந்து பொத்தானை அழுத்தவேண்டும். தோட்டத்தில் நின்று பார்த்துக்கொள்ள பாக்கோ என்று ஒரு மேற்பார்வையாளன் இருந்தான். எதுவும் பிழைத்தால் தொலைபேசியில் கத்துவது அவன் பொறுப்பு.

ஏப்ரலில் ஓட்வார் ஒரு திட்டம் போட்டார். தோட்டத்தின் வடக்குப் பக்கம் விமலாதேவிக்கு, தெற்குப் பக்கம் மரியரஞ்சனிக்கு. அவரவர் விருப்பப்படி தண்ணீர் கட்டலாம். ஆண்டு முடிவில் குறைந்த தண்ணீரில் கூடிய எண்ணெய் எடுத்துக் காட்டுகிறவர் ஸ்பெயின் பிரிவுக்குத் தலைவர். மற்றவர் அவருக்குக் கீழே.

இதில் ஒரு சிக்கல். பக்கம் இரண்டு, ஆனால் ஆழ்கிணறு ஒன்று, பம்பும் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் தண்ணீர் போகும். ஆகவே திங்கள், புதன், வெள்ளி வடக்கு. செவ்வாய், வியாழன், சனி தெற்கு. ஞாயிறு கிணறு ஊற விடுவது. அட்டவணையைப் பார்த்ததும் விமலாதேவிக்கு இரத்தம் சூடேறியது. அவளுடைய அப்பாவுக்கு உறும்பிராயில் ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கு இருந்தது. அந்த எட்டுப் பங்காளிகளும் முறைத் தண்ணீருக்காக ஒருவரை ஒருவர் மண்வெட்டியோடு துரத்தியதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். முறை என்றால் முறை. பக்கத்துக் காணிக்காரன் கால் மணிநேரம் கூட இறைத்தால் அது களவு. ஒஸ்லோவில் குளிர்சட்டையோடு இருந்தாலும் அந்தப் புத்தி எங்கே போகும்?

"உங்களுக்கு ஒலிவ் மரம் முதலே தெரியுமோ?" என்று ஒருநாள் ரஞ்சனியிடம் ஓட்வார் கேட்டார்.

"சின்னதிலிருந்தே தெரியும். வேதாகமத்தில் வருகிற மரம். நாங்கள் கோயிலில் பாடுவோம்" என்றாள் அவள் நல்ல நோர்வே மொழியில்.

விமலாதேவிக்கு ஒலிவ்வைத் தெரிந்தது பீட்சாவின் மேல்தான். அதற்கும் எரிந்தது.

ஜூலையில் கொட்டை இறுகுகிற காலம் வந்தது. அந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்தாலும் ஒலிவ் மரம் தாங்கும், கொடுக்கிற தண்ணீர் எண்ணெயாகாது என்று புத்தகத்தில் இருக்கிறது. விமலாதேவியும் அதைப் படித்து, சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஆனால் தன் முறையில் ஒரு சொட்டையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரஞ்சனி தன் பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கைத் துணிந்து குறைத்தாள். காய் ஒன்றும் வாடவில்லை. ஓட்வார் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஃபிளிங்க்" என்றார்.

ரஞ்சனிக்கு அது இரண்டாவது. விமலாதேவி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருடம் ஸ்பெயினில் பொல்லாத வறட்சி. ஆகஸ்ட் நடுப்பகுதியில் பாக்கோ தொலைபேசியில் கத்தினான். கிணறு இறங்கிவிட்டது, இரண்டு மணிநேரம் ஓடினால் பம்ப் காற்றை இழுக்கிறது. விமலாதேவி கணக்குப் பார்த்தாள். அறுவடைவரை கிணற்றில் வரக்கூடிய தண்ணீர் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். எண்ணெய் ஊறுகிற காலம் அது. இப்போது தண்ணீர் இல்லையென்றால் காய் திரைந்து, பிழிய ஒன்றும் இராது.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் பாணுக்குள் சம்பல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரஞ்சனி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இனி முறை முறை எண்டு நிண்டா ரெண்டு பக்கமும் அழிஞ்சுபோகும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"எங்கட பக்கத்திலை குளத்திலை தண்ணி குறைஞ்சா எல்லாற்றை வயலையும் விதைக்கிறேல்லை. குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும் விதைப்பினம். அது ஆற்றை வயல் எண்டு பாக்கிறேல்லை. எல்லாருமாச் சேர்ந்து விதைச்சு, விளைஞ்சதைப் பங்கு பிரிப்பினம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வருசம் உங்கட வடக்கிலைதான் காய் கூட. என்ர முறையையும் நீங்கள் எடுங்கோ. என்ர மரங்களுக்கு உயிர் தங்குற அளவு விட்டாக் காணும். வாற எண்ணெயை ரெண்டு பேற்றை பேரிலையும் எழுதுவம். அடுத்த வருசம் பாருங்கோ..."

அடுத்த வருடத்தைப் பற்றி அவள் இன்னும் என்னவோ சொன்னாள். விமலாதேவியின் காதில் ஏறவில்லை. 'என்ர முறையையும் நீங்கள் எடுங்கோ' என்ற இடத்திலேயே அவள் காது அடைத்துப் போயிற்று. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறதோ? தன் மரத்தைக் காயவிட்டுப் பக்கத்துக் காணிக்குத் தண்ணீர் கொடுக்கிறவளும் உலகத்தில் உண்டா? இதில் என்ன சூது இருக்கிறதென்று யோசித்து யோசித்து, சம்பல் தொண்டையில் ஏறி இருமினாள்.

வீட்டில் புருஷன் குலேந்திரனிடம் சொன்னாள். அவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அவ தாறன் எண்டா வாங்குமன். ஏன் கிடந்து வேகிறீர்?"

"ஏன் தாறாள் எண்டுதானே வேகிறன்."

மறுநாள் அவள் ரஞ்சனியிடம் "ஓம், அப்பிடியே செய்வம்" என்றாள். வாயால் சொன்னாள். கையைக்கூடக் கொடுத்தாள். அந்த நேரத்தில் மனதில் கள்ளம் இல்லை என்று நான் அவளுக்காகச் சாட்சி சொல்வேன். கள்ளம் பிறகுதான் வந்தது.

எல்லாத் தண்ணீரும் வடக்குக்குப் போயிற்று. செப்டெம்பர், ஒக்டோபர் முழுதும் வடக்குப் பக்கத்து மரங்கள் குடித்தன. தெற்குப் பக்கம் வாரத்தில் ஒரு மணிநேரம் நாக்கை நனைத்தது. நவம்பரில் அடித்துப் பறித்து ஆட்டினார்கள். வறட்சி வருடத்தில் அப்படி எண்ணெய் அந்த மாவட்டத்திலேயே இல்லை என்று பாக்கோ தொலைபேசியில் பாட்டுப் பாடினான். தெற்கில் கிடைத்தது கூட்டிப் பார்த்தாலும் பேருக்குத்தான்.

டிசம்பரில் அறிக்கை எழுதவேண்டிய வாரம் ரஞ்சனி ஒஸ்லோவில் இல்லை. ஸ்தவாங்கரில் தம்பியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். விமலாதேவி தனியாக உட்கார்ந்து எழுதினாள். பொறுப்பு என்ற இடத்தில், வடக்குக்கு விமலாதேவி, தெற்குக்கு மரியரஞ்சனி. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ஓட்வார் படித்துவிட்டு, "தெற்கில் ஏன் ஒன்றும் இல்லை?" என்று கேட்டார்.

"அவர் தன் பக்கத்துக்குப் போதிய தண்ணீர் விடவில்லை" என்றாள் விமலாதேவி.

அதுவும் பொய்யில்லை. பொய் சொல்லியிருந்தாலாவது பாவம் அதோடு போயிருக்கும்.

ஜனவரியில் அவள் தலைவரானாள். திரும்பி வந்த ரஞ்சனி அறிக்கையை வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "வாழ்த்துகள் அக்கா" என்றாள். சண்டை பிடிப்பாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்த விமலாதேவிக்கு அந்தப் பதில்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

சரி, ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே, பொறாமை அடங்கியிருக்கவேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ரஞ்சனி தன் கீழே வேலை செய்தபோதும், அவள் தலைவாரியிருக்கிற விதம், அவளுடைய புருஷன் பிலேந்திரன் பின்னேரம் ஹவுகெட்டோவிலிருந்து வந்து வாசலில் காத்துநிற்கிற விதம், எல்லாமே விமலாதேவிக்குக் கண்ணில் விழுந்த தூசு. இதற்கு மேல் மரங்களும் சேர்ந்துகொண்டன.

2006 மே மாதம் பாக்கோ படங்கள் அனுப்பினான். தெற்குப் பக்கம் கொப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று பூ. வடக்குப் பக்கம் இலை மட்டும். ஒலிவ் மரத்தின் குணம் அது. ஒரு வருடம் வயிறு நிறையக் காய்த்த மரம் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். காயாமல் இருந்த மரம் தேக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் காய்க்கும். இது விமலாதேவிக்குத் தெரியாத விஷயமா? அவளுடைய புத்தகத்தில் அதற்கும் சிவப்புக் கோடு இருந்தது. ஆனால் போன ஆகஸ்டில் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது தலைவர் நாற்காலி ஒன்றுதான். அதற்கு அப்பால் ஒரு வருடம் இருக்கிறதென்றே அவள் யோசிக்கவில்லை.

அப்போதுதான் சாப்பாட்டு அறையில் ரஞ்சனி சொல்லி, தன் காதில் ஏறாமல் போன மீதிப் பேச்சு என்னவென்று அவளுக்கு விளங்கியது. இந்த வருடம் உங்கள் பக்கம், அடுத்த வருடம் என் பக்கம், இரண்டும் இரண்டு பேருக்கும். அவள் சொன்னது அவ்வளவுதான். சூதும் இல்லை, தானமும் இல்லை.

விளங்கியதும் வெட்கப்பட்டாளா என்றால், பட்டாள். ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. எல்லாவற்றையும் முதலே கண்டுவைத்திருக்கிறாள், கெட்டிக்காரி! இப்போது தண்ணீர் அட்டவணை முழுவதும் தலைவரின் கையில். ஜூனில் விமலாதேவி அதை மாற்றினாள். வாரத்தில் ஐந்து நாள் வடக்குக்கு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழையாகவேண்டும் என்பார்களே, அதுதான். காயே இல்லாத மரங்களுக்கு அவள் மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினாள். அவை நன்றியோடு இலை விட்டன. அவ்வளவுதான் விட்டன.

தெற்கிலிருந்து வந்த கோடுகள் திரையில் நாளுக்கு நாள் சரிந்தன. மரம் பகலில் சுருங்குகிறது, இரவில் திரும்ப விரியவில்லை.

"அக்கா, காய் இருக்கிற பக்கத்துக்கு விடுங்கோ" என்றாள் ரஞ்சனி.

"நான் பாத்துக்கொள்ளுறன்."

"காய் கொட்டப்போகுது அக்கா."

"ரஞ்சனி, அட்டவணை போடுறது நான்."

ரஞ்சனி தன் மேசைக்குத் திரும்பினாள். ஆனால் அன்று பின்னேரம் பாக்கோ தொலைபேசி எடுத்தான். தெற்குப் பக்கத்தில் மரத்தடியெல்லாம் பச்சைக் காய் கொட்டிக் கிடக்கிறது என்று சொன்னான். கத்தவில்லை. கெஞ்சினான். தன் பிள்ளையைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைத்தான். இந்த மரங்களை நட்டது தன் அப்பன் என்றான். விமலாதேவி தொலைபேசியை வைத்தாள். பிறகு அட்டவணையைத் திறந்து, ஐந்து நாளையும் தெற்குக்கு மாற்றினாள். அழுகையும் வந்தது. அது மரத்துக்கா, தனக்கா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மூன்று வாரத்தில் கொட்டியது கொட்டியதுதான். ஆனாலும் தெற்கு மிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. டிசம்பரில் ஆட்டியபோது போன வருடத்து வடக்கைவிட ஒன்றரை மடங்கு எண்ணெய். வடக்கில் ஒரு பீப்பாய்கூட நிறையவில்லை.

இந்த முறை அறிக்கையை எழுதியது ரஞ்சனி. தலைவரின் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து விமலாதேவியின் மேசையில் வைத்தாள். விமலாதேவி பொறுப்பு என்ற இடத்தைத்தான் முதலில் பார்த்தாள். தெற்குக்கு நேரே இரண்டு பெயர். விமலாதேவி, மரியரஞ்சனி. எண்ணெய் சரி பாதியாகப் பிரித்து எழுதியிருந்தது.

"இதென்ன, என்ர பேரும் கிடக்கு?"

"கதைச்சபடிதானே அக்கா."

"போன வருசம் நான் அப்பிடி எழுதேல்லை."

"ஓம். பாத்தனான்."

"மூண்டு கிழமை உம்மட மரத்துக்குத் தண்ணியும் ஒழுங்கா விடேல்லை."

"ஓம். அதையும் பாத்தனான்."

"பிறகேன் எழுதினீர்? நீர் நல்லவ எண்டு எனக்குக் காட்டவோ?"

ரஞ்சனியின் முகம் சிவந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"ஆர் நல்லவ? எனக்கு உங்களிலை ஒரு வருசமாக் கோவம். உங்கட முகத்தைப் பாக்க விருப்பமில்லாமல் லிஃப்டை விட்டுட்டு நாலு மாடியும் படியாலை ஏறி வந்தனான். ஓட்வாரிட்டைச் சொல்லியிருப்பன். சொன்னா, ரெண்டு தமிழ்ப் பொம்பிளையளும் சண்டை எண்டு மட்டும்தான் அவருக்கு விளங்கியிருக்கும். கோவம் வேறை, தண்ணி வேறை அக்கா. கதைச்சது கதைச்சதுதான்."

விமலாதேவி பேனையை எடுத்தாள். அவளுடைய இரக்கம் எனக்கு வேண்டாம் என்று, தன் பெயரை வெட்டப் போனாள்.

"வெட்டுறதெண்டா வெட்டுங்கோ" என்றாள் ரஞ்சனி, இப்போது மெதுவாக. "ஆனா வெட்டினா, போன வருசம் முழுக்க உங்கடை, இந்த வருசம் முழுக்க என்ரை எண்டு வரும். ஓட்வார் ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பார். வெட்டாமல் விட்டியளெண்டா, போன வருசக் கடுதாசியிலை என்ர பேர் எங்கை எண்டு கேப்பார். ரெண்டிலை எது எண்டு நீங்களே பாருங்கோ."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெட்டினால் நாற்காலி ரஞ்சனிக்கு. வெட்டாவிட்டால் தான் செய்தது வெளியே. விமலாதேவி பேனையைப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் எட்டுப் பங்குக் கிணறு அவளுக்கு ஞாபகம் வந்தது. அத்தனை மண்வெட்டிச் சண்டையிலும், மற்றவன் விட்டுத் தந்த முறையைத் தரவில்லை என்று சொன்ன ஒருவனை அவள் கண்டதில்லை. களவெடுத்தவன் உண்டு, கூட இறைத்தவன் உண்டு. தந்ததைத் தரவில்லை என்று சொன்னவன் மட்டும் இல்லை. உறும்பிராயிலேயே இல்லாத ஒரு சின்னத்தனத்தை ஒஸ்லோவில் வந்து தான் செய்திருக்கிறாள்.

எழுந்துபோய் அலுமாரியிலிருந்து போன வருடத்து அறிக்கையை எடுத்தாள். வடக்குக்கு நேரே, தன் பெயருக்குப் பக்கத்தில், மரியரஞ்சனி என்று எழுதினாள். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தாளையும் கொண்டுபோய் ஓட்வாரின் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். தெற்குக்குத் தண்ணீர் மறித்த மூன்று வாரத்தையும் சொன்னாள்.

ஓட்வார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பக்கத்தை ஓய விட்டு மறுபக்கத்தைக் காப்பாற்றுவது யாருடைய யோசனை?"

"மரியரஞ்சனியுடையது."

"ஃபிளிங்க்" என்றார் அவர். பிறகு, தலைவர் பதவியைப் பற்றி ஜனவரியில் கதைப்போம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோதே அந்தக் கதை எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது ரஞ்சனி இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள். விமலாதேவி உட்கார்ந்தாள். நெஞ்சு இலேசாகத்தான் இருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை ஒன்று தன் வாயால் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மரங்களைப் பற்றிச் சொல்லலாம். இந்த வருடம் தெற்குக் காய்த்துக் களைத்துவிட்டது, வடக்கு நன்றாக ஓய்வெடுத்திருக்கிறது, ஆகவே வருகிற வருடம்... சொல்ல வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருசம் உங்கட பக்கம் நல்லாக் காய்க்கும் அக்கா" என்றாள் ரஞ்சனி.

அதையும் அவளே முந்திச் சொல்லிவிட்டாளே என்று விமலாதேவிக்கு வயிறு எரிந்தது.